ஒரு கிராமப்புறக் கவுண்டியில் யார் யார் வசிக்கிறார்கள்? அமெரிக்க சென்சஸைப் படிக்கும் முறை

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். கிராமப்புறக் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒன்றை எடுத்து, அங்கே எந்தெந்த இனத்தார் எத்தனை சதவீதம் என்று வட்ட வரைபடம் போட வேண்டும். நாங்கள் கூடாரம் போடப் போகிற குக் ஃபாரஸ்ட் பூங்காவின் பக்கத்திலேயே இருக்கட்டுமே என்று பென்சில்வேனியாவின் ஃபாரஸ்ட் கவுண்டியை எடுத்துக்கொண்டாள். அரை மணி நேர வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன், இரண்டு ராத்திரி போயிற்று. அந்த இரண்டு ராத்திரியில் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்சஸ் பணியகத்தின் டேட்டா தளத்தைத் திறப்பது, கவுண்டி பெயரைத் தட்டித் தேடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: எந்தக் கணக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரே கவுண்டிக்கு மூன்று விதமான கணக்கு கிடைக்கும். பத்தாண்டுக்கு ஒருமுறை தலை எண்ணுகிற சென்சஸ் ஒன்று. ஆண்டுதோறும் மாதிரி எடுத்துச் செய்கிற ஏசிஎஸ் ஆய்வு இன்னொன்று. மூன்றாவது, ஆண்டு மதிப்பீடு. கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்கும் குவிக்ஃபேக்ட்ஸ் பக்கம் இனக் கணக்கை இந்த மூன்றாவதிலிருந்துதான் எடுக்கிறது. மதிப்பீட்டில் 'வேறு இனம்' என்ற பிரிவே கிடையாது, அந்த ஆட்களை மற்ற இனங்களுக்குள் பகிர்ந்து போட்டுவிடுவார்கள். அதனால் இரண்டு பக்கத்தையும் திறந்து வைத்துக்கொண்டு ஏன் ஒத்துவரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், ஒத்துவராது.

சின்னக் கவுண்டிக்கு என் ஓட்டு 2020 சென்சஸுக்குத்தான். ஏசிஎஸ்ஸின் ஓராண்டுக் கணக்கு 65,000 பேருக்கு மேல் உள்ள ஊர்களுக்கு மட்டுமே வரும். ஃபாரஸ்ட் கவுண்டியில் 2020-இல் இருந்தது 6,973 பேர், ஐந்தாண்டுக் கணக்கைத்தான் எடுக்க முடியும். அதிலும் சின்னப் பிரிவுகளுக்குப் பிழை வரம்பு எண்ணிக்கை அளவுக்கே வந்து நிற்கும்.

படி 2: பி2 (P2) அட்டவணையை எடுங்கள், பி1 (P1) வேண்டாம்

என் மகளின் வரைபடம் நூறைத் தாண்டியது இங்கேதான். "அப்பா, நூத்தி அஞ்சு சதவீதம் வருது, வட்டத்துல எடம் இல்ல" என்றாள்.

காரணம் எளிது. சென்சஸ் படிவத்தில் 'நீங்கள் ஹிஸ்பானிக் பூர்வீகமா' (மெக்சிகோ போன்ற ஸ்பானிய மொழி நாடுகளின் வழிவந்தவரா) என்பது ஒரு கேள்வி, 'உங்கள் இனம் என்ன' என்பது தனிக் கேள்வி. ஹிஸ்பானிக் என்று குறித்தவர் அடுத்த கேள்வியில் வெள்ளையர் என்றும் குறிக்கலாம், கறுப்பர் என்றும் குறிக்கலாம், 'வேறு இனம்' என்றும் எழுதலாம். பி1 அட்டவணை இரண்டாவது கேள்வியை மட்டும் காட்டும். அதோடு வேறெங்கிருந்தோ ஹிஸ்பானிக் எண்ணை எடுத்து ஒட்டினால் அதே ஆளை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

பி2 அட்டவணை ஹிஸ்பானிக் மக்களை முதலிலேயே தனியாக எடுத்துவிட்டு, மீதிப் பேரை இனவாரியாகப் பிரிக்கிறது. மொத்தம் 73 வரிசை இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், நமக்கு எட்டு போதும். 2ஆம் வரிசை ஹிஸ்பானிக். 5 முதல் 10 வரை வெள்ளையர், கறுப்பர், அமெரிக்கப் பூர்வகுடிகள், ஆசியர், பசிபிக் தீவினர், வேறு இனம். 11ஆம் வரிசை இரண்டோ அதற்கு மேலோ இனம் குறித்தவர்கள். இந்த எட்டையும் கூட்டினால் 1ஆம் வரிசையிலுள்ள மொத்தம் அப்படியே வர வேண்டும். ஓர் ஆள் குறைந்தாலும் ஏதோ ஒரு வரிசையை விட்டிருக்கிறீர்கள்.

படி 3: பதிவிறக்கம்

எக்செல்லில் நேரடியாகத் திறக்காதீர்கள். கவுண்டிக் குறியீட்டின் முதல் பூஜ்யத்தை அது விழுங்கிவிடும். பென்சில்வேனியாவின் எண் 42, அதனால் ஃபாரஸ்ட் கவுண்டியின் 42053 தப்பியது. அலபாமா கவுண்டி ஒன்றின் 01001 ஆக இருந்திருந்தால் 1001 ஆகியிருக்கும். நான் லிப்ரே ஆபீஸில் திறந்து, அந்த நெடுவரிசையை 'உரை' என்று குறித்துவிடுவேன். ஏபிஐ வழியாக (நிரல் எழுதித் தரவை நேரடியாக வாங்குவது) எடுக்கலாம் என்பவர்களுக்கு: ஒரே ஒரு கவுண்டிக்கு அது கொசு அடிக்கப் பீரங்கி.

படி 4: கவுண்டிக்குள் சிறை இருக்கிறதா பாருங்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எட்டு வரிசையும் கூடிவந்த பிறகு, பழைய கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டினால் ஆசிரியர் மகிழ்வார் என்று 2000, 2010 எண்களையும் எடுத்தோம். 2000-இல் 4,946 பேர். 2010-இல் 7,716 பேர். பத்தே ஆண்டில் 56 சதவீத வளர்ச்சி! மர வேலையையும் வார இறுதிச் சுற்றுலாவையும் நம்பியிருக்கிற, சுற்றிலும் காடான ஒரு கவுண்டிக்கு. கறுப்பின மக்களின் பங்கு 2000-இல் இரண்டு சதவீதத்தை ஒட்டி இருந்தது, 2010-இல் பதினெட்டை ஒட்டி நின்றது. 'நகரத்திலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் கிராமத்துக்குக் குடிபெயர்கின்றன' என்று மகள் ஒரு பத்தியே எழுதிவிட்டாள். நானும் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினேன்.

உறுத்தியது ஆண், பெண் கணக்கு. வேறு எதற்கோ வயது அட்டவணையைத் திறந்தபோது, பெண்களைவிட ஆண்கள் எக்கச்சக்கமாக இருந்தார்கள், அதுவும் நடுவயதுக்காரர்கள். குடும்பமாகக் குடிவந்தால் பெண்களும் குழந்தைகளும் கூடவே வந்திருக்க வேண்டாமா?

விடை மேரியன்வில் என்ற ஊரில் இருந்தது. 2004-இல் அங்கே ஆண்களுக்கான மாநிலச் சிறை ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். இரண்டாயிரம் பேருக்கு மேல் கொள்ளும். ஒருவர் பெரும்பாலும் எங்கே தங்கித் தூங்குகிறாரோ அங்கேதான் அவரை எண்ண வேண்டும் என்பது சென்சஸ் விதி. பிலடெல்பியாவிலோ பிட்ஸ்பர்க்கிலோ வீடு இருந்தாலும், ஏப்ரல் 1 அன்று சிறையில் இருப்பவர் ஃபாரஸ்ட் கவுண்டிவாசிதான். மகளின் பத்தியை அழித்தோம்.

சோதிக்கும் வழி: பி5 அட்டவணையைத் திறங்கள். வீடுகளில் வசிக்காமல் சிறை, முதியோர் இல்லம், கல்லூரி விடுதி, ராணுவக் குடியிருப்பு போன்றவற்றில் தங்கியிருப்போரின் கணக்கு அது. 3ஆம் வரிசை பெரியவர்களுக்கான சிறைகள். அந்த எண் கவுண்டி மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் என்றால் உஷாராகிவிடுங்கள். ஃபாரஸ்ட் கவுண்டியில் அது நாலில் ஒரு பங்கைத் தாண்டுகிறது.

பி5-இல் ஒரு குறை, உள்ளே இருப்பவர்களின் இனத்தை அது சொல்லாது. அதற்கு நான் செய்தது இதுதான். சிறை இருப்பது கவுண்டியின் உட்பிரிவுகளில் ஒன்றான ஜென்க்ஸ் டவுன்ஷிப்பில். அந்த டவுன்ஷிப்புக்கு மட்டும் பி2-ஐ எடுத்து, கவுண்டி எண்களிலிருந்து வரிசை வரிசையாகக் கழித்தேன். மேரியன்வில்லின் சாதாரணக் குடும்பங்களும் சேர்ந்தே கழிந்துவிடும், அதனால் இது துல்லியமில்லை. ஆனாலும் மற்ற டவுன்ஷிப்புகள் எப்படி இருக்கின்றன என்று பளிச்சென்று தெரிந்துவிடும்: பெரும்பாலும் வெள்ளையர், ஏறக்குறைய 2000-இல் இருந்த மாதிரியேதான். இன்னும் நுணுக்கமாக வேண்டுமானால் பிளாக் குரூப் (சென்சஸின் மிகச் சின்னப் பரப்பான பிளாக்குகள் பல சேர்ந்தது) அளவில் கழியுங்கள். அதற்கும் கீழே, ஒற்றை பிளாக் வரை இறங்க வேண்டாம். 2020-இல் தனிநபர் விவரம் கசியாமலிருக்க எண்களில் வேண்டுமென்றே சிறிது கூட்டிக் குறைத்திருக்கிறார்கள். பெரிய பரப்பில் அது தெரியாது, ஒரு பிளாக்கில் நன்றாகவே தெரியும்.

படி 5: வரைபடம்

மூன்று சதவீதத்துக்குக் கீழான நான்கு துண்டுகளை வட்டத்துக்குள் யாராலும் படிக்க முடியாது. பட்டை வரைபடம் போடுங்கள். ஆசிரியர் வட்டம்தான் கேட்டார் என்பதால் மகள் இரண்டு வட்டம் போட்டாள், முழுக் கவுண்டிக்கு ஒன்று, ஜென்க்ஸ் நீங்கலாக ஒன்று. எனக்கு அதில் இன்னும் சம்மதமில்லை.

பின்குறிப்பு 1: "நம்ம ஆளுங்க எந்த வரிசையில் வருவோம்?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். 8, ஆசியர். எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1920 முதல் 1940 வரை படிவத்தில் இந்தியர்களுக்கு 'ஹிந்து' என்றே ஓர் இனப் பிரிவு இருந்தது, முஸ்லிமானாலும் சீக்கியரானாலும் அதே பெயர்தான். 1970-இல் வெள்ளையரோடு சேர்த்தார்கள். 1980-இல்தான் 'ஆசிய இந்தியர்' வந்தது. ஆகவே பழைய சென்சஸில் இந்தியர்களைத் தேடுகிறவர்கள் ஆண்டைப் பார்த்துத் தேடுங்கள்.

பின்குறிப்பு 2: டெக்சாஸின் எல்லைக் கவுண்டி ஒன்றை எடுத்துப் பார்த்த நண்பர், 2010-க்கும் 2020-க்கும் நடுவில் வெள்ளையர் பாதியாகிவிட்டார்களே, எல்லோரும் ஊரைக் காலி செய்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை, அவர் பி1-இல் பார்த்திருக்கிறார். 2020-இல் வெள்ளையர், கறுப்பர் கட்டங்களுக்குக் கீழே பூர்வீகத்தை எழுத இடம் கொடுத்தார்கள், எழுதியதைக் குறியீடாக்கும் முறையையும் மாற்றினார்கள். வெள்ளையர் என்று குறித்துவிட்டுக் கீழே 'மெக்சிகன்' என்று எழுதியவர் இரண்டு இனப் பிரிவுக்குப் போய்விட்டார். நாடு முழுக்கவே அந்தப் பிரிவு 2.9 சதவீதத்திலிருந்து 10.2 ஆனது. பி2-இல் ஹிஸ்பானிக் முதலிலேயே பிரிந்துவிடுவதால் இந்தக் குழப்பம் பெரிதாக வராது. 2030-க்கு ஹிஸ்பானிக் கேள்வியையும் இனக் கேள்வியையும் ஒன்றாக்குவதாக 2024 மார்ச்சில் விதியை மாற்றினார்கள், மத்திய கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்று ஒரு புதுப் பிரிவோடு.

பின்குறிப்பு 3: தெற்கு டகோட்டாவில் பைன் ரிட்ஜ் ரிசர்வேஷன் (பூர்வகுடிகளுக்கு ஒதுக்கிய பகுதி) இருக்கும் கவுண்டியைத் தேடி 2010 கோப்போடு இணைக்க முடியவில்லை என்பவருக்கு: ஷானன் கவுண்டி 2015-இல் ஓக்லாலா லக்கோட்டா கவுண்டி ஆனது. குறியீடும் 46113-இலிருந்து 46102-க்கு மாறிவிட்டது. பழைய கோப்பில் எண்ணைக் கையால் மாற்றிவிட்டு இணையுங்கள், வந்துவிடும்.