உயரமான கொட்டகைப் பட்டறையில் உலைக்குப் புகைக்குழாய் வைப்பது எப்படி?

கொட்டகையைப் பட்டறையாக மாற்றுகிறவர்கள் பலரும் ஒரே கணக்குதான் போடுகிறார்கள்: கூரை இருபதடி உயரம், புகை தானாக மேலே போய்விடும். நானும் அப்படித்தான் நினைத்தேன். பட்டறையைச் சூடாக்கும் உலையின் குழாயைப் பக்கச்சுவர் வழியாக வெளியே எடுத்து, சுவரை ஒட்டியே ஏற்றி, கூரை ஓரத்தைத் தாண்டி மூன்றடி விட்டிருந்தேன். நல்ல குளிரில் முதல்முறை பற்றவைத்தபோது புகை முழுக்க முகத்தில் அடித்தது. குழாயில் அடைப்பு ஒன்றும் இல்லை. கொட்டகைதான் இழுத்தது.

அதை முதலில் புரிந்துகொண்டால் மற்ற வேலையெல்லாம் எளிது. சூடான காற்று லேசானது, மேலே ஏறும். உயரமான கூடத்தில் அது முகட்டு இடுக்குகள் வழியாக வெளியேறும்போது கீழே காற்றழுத்தம் குறைகிறது. குறைந்ததை ஈடுகட்ட, கிடைத்த ஓட்டை வழியாகவெல்லாம் வெளிக்காற்று உள்ளே வரும். உங்கள் புகைக்குழாயும் அதற்கு ஓர் ஓட்டைதான். வெளியே 0 டிகிரி, உள்ளே 18 டிகிரி, உயரம் 6 மீட்டர் என்று வையுங்கள். கசிவெல்லாம் மேலேயே இருந்தால் தரைமட்டத்தில் கிட்டத்தட்ட 5 பாஸ்கல் (காற்றழுத்த அளவு) இழுப்பு வரும். அதே உயரக் குழாயில் புகை சராசரியாக 150 டிகிரியில் இருந்தால் 27 பாஸ்கல் வரை இழுக்கும். சூடான குழாய் கொட்டகையைச் சுலபமாக ஜெயித்துவிடும். ஆனால் வெளிச்சுவரில் குளிர்ந்து கிடக்கும் குழாயின் இழுவை பூஜ்யம். பற்றவைக்கும் அந்த முதல் பத்து நிமிடம் அது தோற்கத்தான் செய்யும்.

படி 1: எரிபொருளுக்கு ஏற்ற குழாய்

கடையில் எல்லாமே பளபளவென்று ஒரே மாதிரி இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள்.

விறகு உலை என்றால் இரண்டு பகுதிகள். உலையிலிருந்து கூரைக்குக் கீழ்வரை இணைப்புக் குழாய். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து மேலே காப்பிட்ட இரட்டைச்சுவர் புகைபோக்கி. இணைப்புக் குழாய் ஒற்றைச்சுவராக இருந்தால் எரியக்கூடிய எதிலிருந்தும் 18 அங்குலம் தள்ளியிருக்க வேண்டும். காப்பிட்ட புகைபோக்கிக்குப் பெரும்பாலும் 2 அங்குலம் போதும். உயரமான கூடத்தில் ஒற்றைச்சுவர்க் குழாயை நான் பரிந்துரைக்க மாட்டேன். பதினைந்தடி ஏறுவதற்குள் புகை ஆறிவிடும், ஆறிய புகை தாராகக் குழாயில் ஒட்டும். செலவு கூடினாலும் இரட்டைச்சுவர் இணைப்புக் குழாயே வாங்குங்கள்.

80 சதவீதத் திறன் வகையான பழைய பாணி எரிவாயு உலைக்கு 'பி' வகைக் குழாய். உள்ளே அலுமினியம், வெளியே துத்தநாகம் பூசிய இரும்பு. சுற்றிலும் 1 அங்குல இடைவெளி. இதை விறகு உலைக்கு ஒருபோதும் மாட்டாதீர்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். புகைபோக்கிக்குள் தார் பற்றிக்கொண்டால் வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டலாம்.

90 சதவீதத்துக்கு மேல் திறனுள்ள எரிவாயு உலையின் கதையே வேறு. அதன் புகை அவ்வளவு ஆறிப்போய் வரும் என்பதால் பிளாஸ்டிக் குழாயே போதும். விசிறி தள்ளுவதால் பக்கச்சுவர் வழியாகவே வெளியே விடலாம். உள்ளே ஊறும் தண்ணீர் அமிலத்தன்மை கொண்டது. அது உலைக்கே திரும்பி வடிகாலுக்குப் போகும்படி, அடிக்குக் கால் அங்குலம் உலைப்பக்கமாகச் சாய்வு வேண்டும். வெளியிலிருந்தே எரிகாற்றை எடுக்க இரண்டாவது குழாயும் வைத்துவிட்டால் கொட்டகையின் இழுப்பு உலையைத் தொடாது. மரத்தூளும் பெயின்ட் ஆவியும் தீக்குள் போகாது. இன்னும் உலை வாங்கவில்லை என்றால் என் ஓட்டு இதற்குத்தான். கீழே வரும் உயரக் கணக்கெல்லாம் உங்களுக்குத் தேவைப்படாது. உலையோடு வரும் கையேட்டைப் பார்த்து மாட்டினால் போதும்.

படி 2: இடம் பார்ப்பது

குழாய் கூடத்துக்கு உள்ளேயே நேராக ஏறி, முகட்டுக்குப் பக்கத்தில் வெளியேற வேண்டும். உள்ளே இருக்கும் குழாய் உலை அணைந்திருந்தாலும் அறையின் சூட்டிலேயே இருக்கும், அதனால் இழுவை விட்டுப்போகாது. பனி விழும் ஊர் என்றால் இன்னொரு லாபம்: தகரக் கூரையில் சரியும் பனி, ஓரத்தில் நிற்கும் குழாயை முறித்துக்கொண்டு போய்விடும். முகட்டுக்குப் பக்கத்தில் அந்தத் தொல்லை குறைவு.

கூரையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது உலையின் வாய்க்கு நேராக விழுகிறதா என்று பாருங்கள். நடுவே கைமரமோ சட்டமோ குறுக்கிட்டால் உலையைத்தான் நகர்த்த வேண்டும், மரத்தை வெட்டக்கூடாது. உலையை நகர்த்த முடியாவிட்டால் இரண்டு 45 டிகிரி எல்போ போட்டு விலக்குங்கள். 90 டிகிரித் திருப்பங்கள் இழுவையைத் தின்றுவிடும். உலையை ஒட்டிக் கிடைமட்டமாகக் குழாய் ஓடியே ஆக வேண்டும் என்றால், அடிக்குக் கால் அங்குலமாவது மேல்நோக்கி ஏறட்டும்.

படி 3: எவ்வளவு உயரம்?

விறகு உலைக்கு அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதியான என்எஃப்பிஏ 211 சொல்லும் கணக்கு பல இடங்களில் புழங்குகிறது. கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி. சுற்றி 10 அடிக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடி கூடுதல். இரண்டில் எது அதிகமோ அது.

அடிக்கு அரையடி ஏறும் கூரையை எடுத்துக்கொள்வோம். குழாய் முகட்டிலிருந்து 4 அடி தள்ளியிருந்தால், முகடு துளையைவிட 2 அடி உயரத்தில் இருக்கும். அதற்கு மேல் 2 அடி. ஆக 4 அடி. இதே குழாயை முகட்டிலிருந்து 20 அடி தள்ளி, கூரை ஓரத்தில் வைத்தால்? பத்தடிக்குள் கூரை 5 அடி ஏறுகிறது, அதனால் 7 அடி வைத்தால் விதிக்குப் போதும். ஆனால் முகடு 10 அடி மேலே இருக்கிறது. குழாயின் வாய் முகட்டுக்கு 3 அடி கீழே நிற்கும். விதி திருப்தி, கொட்டகை மட்டும் இன்னும் உங்கள் குழாயைவிட உயரமான புகைபோக்கி. உயரமான கூடத்தில் நான் எப்போதும் முகட்டுக்கு மேல் குழாயின் வாய் வரும்படிதான் வைப்பேன்.

கூரைக்கு மேல் 5 அடியைத் தாண்டினால் காற்றுக்கு ஆடாமல் இரண்டு தாங்குகம்பிகள் கொடுங்கள். 'பி' வகைக் குழாய்க்கு உயரக் கணக்கு கூரைச் சாய்வைப் பொறுத்து மாறும். உங்கள் ஊர் விதியையும் உலையின் கையேட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். எரிவாயு இணைப்பை மட்டும் உரிமம் பெற்றவரிடமே விட்டுவிடுங்கள்.

படி 4: மாட்டுவது

உயர வேலை, ஏணியை நம்பாமல் சாரம் கட்டுங்கள், கூரைமேல் போகும்போது இடுப்புக்கயிறு மாட்டுங்கள். துளைக்குக் கீழே தாங்குபெட்டியை முதலில் பொருத்தி, பாரம் முழுவதும் அதன்மேல் உட்காரும்படி செய்யுங்கள். குழாயின் எடை உலையின் தலையில் இறங்கக்கூடாது. குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே விட்ட இடைவெளி காலியாகவே இருக்கட்டும். குளிர் வருகிறதே என்று அதில் கண்ணாடிப் பஞ்சைத் திணிப்பது தீக்கு வழி.

இணைப்புக் குழாயின் ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று திருகாணிகள். விறகு உலையில் குழாயின் சுருக்கிய முனை கீழ்நோக்கி இருக்க வேண்டும், அப்போதுதான் வழியும் தார் உள்ளேயே இறங்கும். எரிவாயுவில் நேர்மாறு: சுருக்கிய முனை புகை போகும் திசையில். குழாயின் விட்டம் எங்கேயும் உலையின் வாயைவிடக் குறையக்கூடாது.

தகரக் கூரைத் துளைக்குப் பூட் (குழாயைச் சுற்றி மழைநீர் இறங்காமல் மூடும் உறை) போடும்போது சாதாரணக் கறுப்பு ரப்பரை விட்டுவிட்டு, அதிக வெப்பம் தாங்கும் சிலிக்கோன் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்த உறையின் மேல்விளிம்பு மேல்தகரத்துக்கு அடியில் போகட்டும். பசையை மட்டும் நம்பினால் சில மழையில் ஒழுகும். அப்புறம் மழைத்தொப்பி.

படி 5: சோதனை

பற்றவைக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, மரத்தூள் உறிஞ்சியையும் எக்ஸாஸ்ட் விசிறியையும் ஓடவிடுங்கள். உலைக்கதவைத் திறந்து ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை உள்ளே போனால் நல்லது. வெளியே வந்தால், விசிறி குழாயைத் தோற்கடிக்கிறது என்று அர்த்தம். உறிஞ்சி காற்றை வெளியே தள்ளும் ரகம் என்றால், அதே அளவு காற்று உள்ளே வரத் தனி வழி விட வேண்டும். முகட்டு இடுக்குகளையும் அடைத்துவிடுங்கள். தரையோரத்தில் அடைத்து முகட்டை விட்டுவைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் எந்த உலையையும் ஓட்டாதீர்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

சிலருக்கு எதிர்ப் பிரச்சினை வரும்: குழாய் சூடேறியதும் உயரத்தால் இழுவை அதிகமாகி, சூடு முழுக்கக் கூரைக்கு மேலே போகும். எண்ணெய் உலை என்றால் தானே திறந்து மூடும் டாம்பர் (இழுவையைக் குறைக்கும் தட்டு) வைத்து, இழுவைமானி கொண்டு சரிசெய்யலாம். விறகுக்குக் கையால் திருப்பும் தட்டு. எரிவாயு உலையின் குழாயில் கையால் திருப்பும் எதையும் வைக்கக்கூடாது.

விறகு உலைக்காரர்கள் ஒரு மாதம் கழித்து உலையை அணைத்து, குழாய் ஆறியதும் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். தார்ப்படிவு 3 மில்லிமீட்டரைத் தொட்டிருந்தால் பிரஷ் விட்டுச் சுத்தம் செய்த பிறகுதான் அடுத்த தீ.