கிளாத்தென் பக்கம் குடிவருகிறீர்களா? ஜாவா கிராம வாழ்க்கைக்குச் சில குறிப்புகள்

சோலோவுக்கும் ஜோக்ஜகார்த்தாவுக்கும் இடையில், மெராப்பி எரிமலைச் சரிவிலிருந்து நெல்வயல் சமவெளி வரை நீள்கிறது கிளாத்தென் மாவட்டம். நூற்பாலை வேலைக்கோ, இங்கே பெண் எடுத்ததாலோ, அமைதி தேடியோ இங்குள்ள கிராமம் ஒன்றில் குடிவரும் தமிழருக்காக இதை எழுதுகிறேன். சுமத்ராவின் மேடான் நகரை மனத்தில் வைத்துக்கொண்டு வராதீர்கள். அங்கே தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், 1884இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. இங்கே பெரும்பாலும் ஊருக்கு ஒரே தமிழர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். நீங்கள் எந்த ஊர், என்ன சம்பளம், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று மூன்று நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நம் ஊர்க்காரர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

வந்து இறங்கும்போதே ஒரு வேலை இருக்கிறது. கைப்பேசியின் ஐஎம்இஐ எண்ணை விமான நிலையச் சுங்கப் பிரிவில் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் பிறகு உள்ளூர் சிம் போட்டும் அது வெறும் கேமராவாகத்தான் கிடக்கும். வேலைக்கு வந்தவர்களுக்குக் கிதாஸ் என்ற தற்காலிக வசிப்பு அனுமதியை நிறுவனம் எடுத்துத் தரும். அதை வைத்து மாவட்டக் குடிப்பதிவு அலுவலகத்தில் வசிப்பிடச் சான்றும் வாங்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யும் வெளிநாட்டவரை அரசு மருத்துவக் காப்பீடான பிபிஜேஎஸ்ஸில் சேர்ப்பது கட்டாயம். அதையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் அரசாங்கத்தின் அனுமதி. ஊரின் அனுமதி வேறிடத்தில் இருக்கிறது.

பாக் எர்தே

தெருமுனையில் "விருந்தினர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும்" என்று பலகை தொங்கும். தெரிவிக்க வேண்டியது பாக் எர்தேயிடம். சில பத்து வீடுகள் சேர்ந்தது ஓர் எர்தே. அதன் தலைவர் சம்பளத்துக்கு வேலை செய்பவரல்ல, அக்கம்பக்கத்தார் தேர்ந்தெடுத்த ஒருவர். 1942 முதல் 1945 வரை ஜாவாவை ஆண்ட ஜப்பானியர்கள், மக்களைக் கண்காணிக்கக் கொண்டுவந்த ஏற்பாட்டின் தொடர்ச்சி இது. ஆண்டவர்கள் போய்விட்டார்கள், எர்தே தங்கிவிட்டது. கண்காணிப்பும் கொஞ்சம் தங்கியிருக்கிறது. முதல் நாள் மாலையே கடவுச்சீட்டு நகலோடும் ஒரு பொட்டலம் பலகாரத்தோடும் போய் உட்காருங்கள். தேநீர் வரும். "சிலாக்கான்" (எடுத்துக்கொள்ளுங்கள்) என்று அவர் சொல்லும்வரை குடிக்காதீர்கள்.

அதற்குப் பிறகு கடமைகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். ஞாயிறு காலையில் கெர்ஜா பக்தி என்னும் ஊர்க்கூட்டு வேலை: சாக்கடை தூர்ப்பது, புல் வெட்டுவது, சுடுகாட்டுப் பாதை அல்ல, இடுகாட்டுப் பாதை சீர் செய்வது. மண்வெட்டி இல்லாவிட்டால் பரவாயில்லை, ஆள் வர வேண்டும். இரவில் முறைவைத்து ரொண்டா என்னும் ஊர்க்காவல். காவல் சுற்றுபவர்கள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தொங்கும் சிறு டப்பாவிலிருந்து ஜிம்பிதான் என்னும் ஊர்ப் பங்கை எடுத்துப்போவார்கள். முன்பு ஒரு கை அரிசி, இப்போது பெரும்பாலும் 500 ரூபியா நாணயம். அந்தப் பணத்தில்தான் தெருவிளக்கும் பந்தல் நாற்காலியும் வாங்குகிறார்கள். டப்பா காலியாக இருந்தால் யாரும் வந்து கேட்க மாட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஷிப்ட் வேலையால் ரொண்டாவுக்கு வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிட்டு, காவல் கொட்டகைக்குக் காபியும் வறுவலும் அனுப்பிவிடுங்கள்.

கல்யாணத்துக்கு அழைப்பு வரும்; சாவுக்கு வராது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெயர் சொல்வார்கள். அடக்கம் சீக்கிரமே நடந்துவிடும் என்பதால் வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும். கைகொடுத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, உறையில் பணம் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தால் போதும். மதம் யாரும் கேட்பதில்லை. என் கணிப்பில், பத்து கல்யாணங்களுக்குப் போவதைவிட ஒரு சாவுக்குப் போவது ஊரில் உங்களுக்கு இடம் பிடித்துத் தரும்.

நிலம்

கையில் கொஞ்சம் ரூபியா சேர்ந்ததும், வயலோரமாக ஒரு மனை வாங்கினால் என்ன என்று தோன்றும். தோன்றுவதற்கு முன்பே தரகர் வந்துவிடுவார். தயவுசெய்து வாங்காதீர்கள்.

1960ஆம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டப்படி ஹாக் மிலிக் எனப்படும் முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே. "என் பெயரில் பத்திரம், உங்கள் பணம், தனியாக ஓர் ஒப்பந்தம்" என்று யாராவது வழி சொன்னால் அது வழியல்ல, குழி. வெளிநாட்டவருக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ முழு உரிமை மாற்றும் ஒப்பந்தம் செல்லாது என்று அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு சொல்கிறது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது. இங்கே பெண் எடுத்தவர்களுக்குக் கூடுதல் சிக்கல்: சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மனைவி வாங்கும் நிலமும் இருவருக்கும் பொதுவாகிவிடும், அதனால் அவருடைய உரிமையே கேள்விக்குள்ளாகும். திருமணத்துக்குப் பிறகும் இந்த ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று 2016இல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நோட்டரியிடம் போய்விட்டுப் பிறகு மனை பாருங்கள்.

வெளிநாட்டவருக்குப் பயன்பாட்டு உரிமை என்று ஒன்று உண்டு. ஆனால் வீட்டுக்குக் குறைந்தபட்ச விலை வரம்பு வைத்திருப்பதால் அது கிராமத்துக்கு ஒத்துவராது. வாடகைதான் சரி. இங்கே மாத வாடகை அபூர்வம். ஓராண்டு, ஈராண்டுப் பணத்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். 10,000 ரூபியா முத்திரைவில்லை ஒட்டிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நிலம் யாருடையது என்றும் விசாரியுங்கள். ஜாவாவில் கிராமத் தலைவருக்கும் ஊர் அலுவலர்களுக்கும் சம்பளத்துக்குப் பதிலாக ஊர்ப் பொதுநிலத்தை உழுதுண்ண விடுவது பழைய வழக்கம், பெங்கோக் என்பார்கள். பதவி போனால் நிலமும் போகும். அப்படிப்பட்ட நிலத்தில் நிற்கும் கட்டடத்தை வாடகைக்கு எடுத்துவிட்டுப் பிறகு அலையக் கூடாது.

சுவரையும் பாருங்கள். 2006 மே 27 நிலநடுக்கத்தில் இந்தப் பக்கம் ஏராளமான செங்கல் வீடுகள் சரிந்தன. மூலைகளில் கம்பி கட்டிய கான்கிரீட் தூணும் சுவர் தலையில் பட்டைக் கான்கிரீட்டும் இல்லாத வீடு, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

வயலைப் பற்றிச் சொல்லாமல் போனால் டெல்டாக்காரர்கள் கோபிப்பார்கள். மெராப்பி ஊற்றுகளால் பல ஊர்களில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடுகிறது. ஓய்வில்லாமல் நெல்லே போடுகிறார்கள். அதனால்தான் புகையானும் எலியும் விடாமல் பிடித்துக்கொள்கின்றன. அரை ஹெக்டேர்கூட இல்லாதவர்கள்தான் அதிகம். சொந்த நிலம் இல்லாதவர்கள் மரோ முறையில், விளைச்சலில் பாதிக்கு உழுகிறார்கள். அறுவடையில் பலர் தாங்களே அரிவாள் எடுப்பதில்லை: பெனெபாஸ் என்ற வியாபாரி வரப்பில் நடந்து, நிற்கும் பயிரைக் கண்ணாலேயே மதிப்பிட்டு மொத்த விலை பேசி, தன் ஆட்களோடு வருவார். மழை நெருங்கும்போது அவர் சொல்வதுதான் விலை. தஞ்சாவூரில் கேட்ட புலம்பலையே இங்கும் கேட்பீர்கள், மொழி மட்டும் வேறு. ஓர் எச்சரிக்கை: எலிக்காக மின்கம்பி வைப்பவர்கள் உண்டு. ஸ்ராகென் பக்கம் அதில் மனிதர்களே இறந்திருக்கிறார்கள். இருட்டில் வரப்பில் நடக்காதீர்கள்.

சமையலறை

துவரை இங்கே குடே என்ற பெயரில் சந்தையில் கிடைக்கும். முழுப் பயறாகத்தான், உடைத்த பருப்பு ஜகார்த்தா பாசார் பாருவிலிருந்து வர வேண்டும். புளி, தேங்காய், பச்சைப்பயறு, காராமணி எல்லாம் தாராளம். கறிவேப்பிலை அரிது. சாலாம் என்னும் உள்ளூர் வாசனை இலையைக் கறிவேப்பிலை என்று யாராவது நீட்டினால் நம்பாதீர்கள். முருங்கை வேலியோரம் நிற்கும். ஜாவாவில் அந்த இலையைப் பிணத்தைக் குளிப்பாட்டும் நீரில் போடும் வழக்கம் உண்டு என்பதால், நீங்கள் கீரை பறிப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மா முகம் மாறலாம். கேட்டுவிட்டுப் பறியுங்கள். சைவர்களுக்கு: சம்பாலில் தெராசி என்னும் இறால் விழுது இருக்கும், காய்கறிக் குழம்பிலும் கோழிச்சாறு கலந்திருக்கும். டெம்பே என்னும் புளிக்கவைத்த சோயா கட்டியும், வேகவைத்த காய்கறியில் கடலைச் சாந்து ஊற்றிய பெச்சலும் காப்பாற்றும். அந்தச் சாந்திலும் தெராசி உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று கிலோ பச்சை எரிவாயு உருளை ஏழைகளுக்கான மானியப் பொருள், அதை வாங்காதீர்கள். மின்சாரம் முன்பணம் கட்டும் மீட்டர். பணம் கட்டியதும் கிடைக்கும் 20 இலக்க எண்ணை அதில் அழுத்த வேண்டும். 900 விஏ (வோல்ட்-ஆம்பியர்) போன்ற சிறிய இணைப்பில் இஸ்திரிப்பெட்டியும் தண்ணீர் மோட்டாரும் ஒன்றாக ஓடாமல் போகலாம், கிரைண்டர் கொண்டுவருபவர்கள் கவனிக்க.

லெபாரான் என்னும் நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரமே அரிசி, காய்கறி, எரிவாயு எல்லாம் வாங்கி வையுங்கள். பண்டிகையில் கடைகள் நாள்கணக்கில் மூடியிருக்கும், ஜகார்த்தாவிலிருந்து திரும்பியவர்களால் சாலை நிரம்பிவிடும். பெருநாள் தொழுகை முடிந்ததும் வீடு வீடாகப் போவார்கள், நீங்களும் போங்கள், வயதானவர் வீட்டுக்கு முதலில். பிள்ளைகளுக்குக் கொடுக்கப் புது நோட்டு வேண்டும்; வங்கியில் அதற்கு வரிசை நீளம், நோன்பு மாத நடுவிலேயே மாற்றிவிடுங்கள்.