மூன்று உயிர் இருந்தும் தோற்பது ஏன்? பழைய ஆர்கேடு கேம்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசு போட்டு ஆடும் மெஷின்களில் வந்தவைதான் ஆர்கேடு கேம்கள். இறங்கி வரும் வேற்றுக் கிரகப் படையைப் பீரங்கியால் சுடும் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1978-இல் டைட்டோ நிறுவனம் வெளியிட்டது. அதில் திரையின் இடது கீழ் மூலையில், உயிர்களின் கணக்காக 3 என்று ஓர் எண் தெரியும். அதன் பக்கத்தில் இரண்டு பீரங்கிப் படங்கள் இருக்கும். புதிதாக ஆடுகிறவர்கள் இங்கேயே கணக்கைத் தப்பாகப் போட்டுவிடுகிறார்கள். இப்போது ஆடிக்கொண்டிருக்கும் பீரங்கியும் அந்த எண்ணில் சேர்த்திதான். படங்கள் மட்டுமே மிச்சம்.

இதைவிடப் பெரிய தவறு, அந்த எண் பூஜ்யம் ஆகும்வரை ஆட்டம் நம் கையில்தான் இருக்கிறது என்று நம்புவது. வேற்றுக் கிரகப் படை அடிக்கோட்டைத் தொட்டுவிட்டால், இரண்டு பீரங்கி மிச்சம் இருந்தாலும் ஆட்டம் முடிந்துவிடும். உயிருக்குப் பயந்து அரண்களுக்குப் பின்னால் ஒளிந்து ஆடுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தோற்கிறார்கள். மொத்தம் 55 எதிரிகள். ஒவ்வொன்றாக விழ விழ மிச்சப் படை வேகம் எடுக்கும், ஏனென்றால் திரையில் வரைய வேண்டிய உருவங்கள் குறையும்போது பிராசசருக்கு வேலை குறைகிறது. அதனால் நடுவில் கண்டபடி சுடாமல், முதலில் ஓரத்து நெடுவரிசைகளை முழுசாகக் காலி செய்யுங்கள். படையின் அகலம் குறைந்தால் அது பக்கச் சுவரைத் தொட அதிக நேரம் பிடிக்கும். சுவரைத் தொட்டால்தானே ஒரு படி கீழே இறங்கும்!

உயிர் என்ற கணக்கு பின்பால் மெஷினிலிருந்து வந்த பழக்கம்தான். அங்கே ஒரு காசுக்கு இத்தனை பந்து. பந்தால் செங்கற்களை உடைக்கும், 1976-இல் வந்த பிரேக்அவுட்டிலும் பந்துக் கணக்குதான். ஆனால் பின்பாலில் எந்தப் பந்து போனாலும் இழப்பு ஒன்றுதான், வீடியோ கேமில் அப்படி இல்லை. எந்த இடத்தில், எந்த நிலையில் உயிர் போகிறது என்பதைப் பொறுத்து அதன் விலை மாறும். எல்லா உயிரையும் ஒரே மதிப்பில் எண்ணுவதைத்தான் நான் முதல் தவறு என்பேன்.

கலகாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1981-இல் நாம்கோ வெளியிட்ட இந்த கேமில் மேல் வரிசையில் நிற்கும் பாஸ் எதிரிகளுக்கு இரண்டு குண்டு வேண்டும். அவற்றில் ஒன்று அவ்வப்போது இறங்கி வந்து ஒளிக்கற்றையை விரிக்கும். அதில் மாட்டினால் உங்கள் விண்கப்பலைப் பிடித்துக்கொண்டு போய்விடும், ஒரு உயிர் காலி. ஆனால் அடுத்த கப்பலில் வந்து அந்த பாஸைச் சரியாக வீழ்த்தினால், பிடிபட்ட கப்பல் கீழே இறங்கி வந்து உங்கள் கப்பலோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் இரட்டைக் குண்டு! ஒரு உயிரைத் தெரிந்தே கொடுத்து இரு மடங்கு பலத்தை வாங்கும் இந்த ஏற்பாட்டை எத்தனை முறை ஆடினாலும் எனக்கு அலுத்ததில்லை.

இதில் நடக்கிற தவறுகள் மூன்று நான்கு உண்டு. கடைசிக் கப்பலைக் கொடுத்துவிடுவது முதலாவது. மீட்க ஆள் இல்லாததால் ஆட்டம் அங்கேயே முடியும். அடுத்தது, பாஸ் அணிவகுப்பில் நிற்கும்போதே அதைச் சுட்டுவிடுவது. அப்படிச் செய்தால் பிடிபட்ட கப்பல் விடுபடாது, உங்கள் மேலேயே பாயும். அது கப்பலை இழுத்துக்கொண்டு கீழே பாய்ந்து வரும் நேரத்தில்தான் சுட வேண்டும். அந்த அவசரத்தில் பாஸை விட்டு, அது இழுத்து வரும் சொந்தக் கப்பலையே சுட்டுவிடுகிறவர்கள் நிறைய. ஒரு அங்குலம் தள்ளி நின்று குறி வைத்தால் போதும், ஆனால் கை கேட்பதில்லை. நான் முதல் ஸ்டேஜிலேயே, கீழ் வரிசைகளை எல்லாம் தீர்த்துவிட்டு, ஓரிரண்டு பாஸ் மட்டும் மிஞ்சும்போதுதான் கப்பலைக் கொடுப்பேன். குறுக்கே வேறு யாரும் வராத அமைதி அப்போதுதான் கிடைக்கும்.

சீக்கிரம் கொடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூன்றாவது ஸ்டேஜ் சவால் சுற்று. எதிரிகள் சுட மாட்டார்கள், 40 பேரையும் வீழ்த்தினால் 10,000 புள்ளி. இரட்டைக் கப்பலோடு அங்கே போனால் இது எளிது. வழக்கமான அமைப்பில் 20,000 புள்ளியைத் தொட்டதும் முதல் போனஸ் கப்பல் கிடைக்கும் என்பதால், கொடுத்த உயிர் சீக்கிரமே திரும்பி வந்துவிடும். இரட்டைக் கப்பலில் அடி பட்டால் பாதிதான் போகும். ஆனால் அகலம் இரண்டு மடங்கு என்பதால் அடி படுவதும் எளிது. தனிக் கப்பலில் நுழைந்த இடுக்குகளில் இதை நுழைக்கப் பார்க்காதீர்கள்.

உயிர் போன உடனே பதறுவது எல்லா கேமிலும் நடக்கும். அதன் விலை, பாதைகளில் கிடக்கும் புள்ளிகளைத் தின்றபடி பேய்களிடமிருந்து தப்பும் பேக்-மேனில் நன்றாகத் தெரியும். ஒரு உயிர் போனதும், தின்ற புள்ளிகள் தின்றதாகவே இருக்கும், பேய்களின் கடிகாரம் மட்டும் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். முதல் நான்கு லெவல்களில் முதல் 7 விநாடிக்குப் பேய்கள் துரத்தாமல் ஆளுக்கொரு மூலைக்குப் போகப் பார்க்கும். புள்ளிகள் குறைந்ததும் வேகம் எடுக்கிற சிவப்புப் பேய்கூட, ஆரஞ்சுப் பேய் கூண்டைவிட்டு வெளியே வரும்வரை அடங்கித்தான் இருக்கும். மிச்சமிருக்கும் புள்ளிகளில் ஆபத்தான இடம் எதுவோ அதைக் காலி செய்ய இதைவிட நல்ல நேரம் கிடையாது. பலர் இந்த விநாடிகளைச் சும்மா சுற்றி வீணாக்கிவிட்டு, துரத்தல் தொடங்கிய பிறகு அந்த மூலைக்குள் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

பேக்-மேனின் 256-ஆவது லெவலில் உயிருக்கு வேறு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. லெவல் எண்ணிக்கை 8 பிட்டுக்குள் (அதில் 255 வரைதான் எண்ண முடியும்) அடங்காததால் திரையின் வலது பாதி குப்பையாகிவிடும், அந்த லெவலை முடிக்கவே முடியாது. அந்தக் குப்பைக்குள் தின்னக்கூடிய 9 புள்ளிகள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொரு உயிர் போனதும் அவை மறுபடி தோன்றும். 3,333,360 என்ற முழு ஸ்கோருக்கு, அதுவரை ஒரு உயிரும் போகாமல் வந்து, இங்கே ஒவ்வொன்றாகச் செலவழிக்க வேண்டும்.

கிரேடியஸ் நேர் எதிர். 1985-இல் கோனாமி வெளியிட்ட அந்த கேமில் உயிர் போனால் சேர்த்த ஆயுதம், வேகம் எல்லாம் போய், கொஞ்சம் பின்னால் ஓர் இடத்திலிருந்து வெறுங்கையோடு தொடங்க வேண்டும். பின் லெவல்களில் மூன்று கப்பல் மிச்சம் இருந்தாலும் அது மூன்று வாய்ப்பு இல்லை.

அஸ்டிராய்ட்ஸில், கப்பலை மறைய வைத்து வேறு இடத்தில் தோன்றச் செய்யும் ஹைப்பர்ஸ்பேஸ் பட்டனைத் தப்பிக்கும் வழியாக நம்பிவிடாதீர்கள். மீண்டும் தோன்றும்போது கப்பல் தானாகவே வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. விழும் ஏவுகணைகளிலிருந்து நகரங்களைக் காக்கும் மிசைல் கமாண்டில் உயிர் என்ற பெயரே கிடையாது, ஆறு நகரங்கள்தான் உயிர். ஒவ்வொரு சுற்று முடிவிலும் மிஞ்சிய நகரங்களுக்கும் சுடாமல் வைத்த ஏவுகணைகளுக்கும் போனஸ் வருவதால், கண்டபடி சுட்டுத் தீர்த்தால் இரண்டு பக்கமும் நஷ்டம்.

ஸ்கோரை ஒப்பிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மெஷினுக்குள்ளே சிறிய சுவிட்சுகள் இருக்கும். பேக்-மேனில் எத்தனை உயிரோடு தொடங்குவது, கூடுதல் உயிர் 10,000-இலா, 15,000-இலா, 20,000-இலா என்பதையெல்லாம் மெஷின் வைத்திருப்பவர் அதில்தான் மாற்றுவார். அமைப்பைப் பார்க்காமல் ஒருவரை மட்டம் தட்டுவது நியாயமில்லை. அதேபோல, பழைய மெஷின்களில் மேலே தெரியும் 1அப் என்பது முதல் ஆட்டக்காரரின் ஸ்கோர். அதைக் கூடுதல் உயிர் என்று படிக்கும் வழக்கம் சூப்பர் மாரியோ பிரதர்ஸால் பரவியது.

அந்த மாரியோவில்தான் சேர்த்து வைப்பதன் எல்லையும் தெரியும். 3-1 லெவலின் கடைசிப் படிக்கட்டில் ஆமையின் மேல் குதித்துக்கொண்டே இருந்தால் உயிர்கள் ஏறிக்கொண்டே போகும். ஒன்பதைத் தாண்டியதும் திரையில் எண்ணுக்குப் பதில் கிரீடமும் புரியாத குறிகளும் வருவதால் எத்தனை என்று பார்த்து எண்ண முடியாது. கணக்கு 127-ஐத் தாண்டினால் கேம் அதைக் கழித்தல் எண்ணாக எடுத்துக்கொள்ளும், அடுத்த முறை மாரியோ விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும். குதிக்கும்போதே மனசுக்குள் எண்ணுங்கள், நூறு வந்ததும் இறங்கிவிடுங்கள்.