விடுமுறையில் புத்தகமும் வானொலியும்

அரையாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பையில் இரண்டு புத்தகத்தோடு ஒரு சின்ன டிரான்சிஸ்டரையும் வைத்துக்கொள்ளுங்கள். 1938 முதல் ஒலிக்கும் சென்னை வானொலியை மத்திய அலையில் (மீடியம் வேவ்) கேட்கும் சுகமே தனி.

இரைச்சல் அதிகமாக இருக்கிறதா? ஏரியலை இழுத்துப் பயனில்லை, அது எஃப்எம்முக்கு. மத்திய அலையைப் பிடிப்பது பெட்டிக்குள் படுத்திருக்கும் ஃபெரைட் கம்பி. அதனால் பெட்டியையே மெதுவாகத் திருப்ப வேண்டும். கால் வட்டம் திருப்புவதற்குள் குரல் தெளிந்து வருவதைக் கேட்கலாம். அப்புறம், பக்கத்தில் செருகியிருக்கும் போன் சார்ஜரைப் பிடுங்குங்கள். எல்இடி பல்பையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். பாதி இரைச்சல் அங்கிருந்துதான் வரும். இருட்டிய பிறகு தொலைதூர நிலையங்களும் எட்டும்.

வாசிக்கும்போது எதைக் கேட்பது? வீணை, நாதஸ்வரம் என்றால் பக்கம் தடையில்லாமல் ஓடும். பேச்சு நிகழ்ச்சி வந்தால் ஒரே வரியை மூன்று முறை படிக்க வேண்டியிருக்கும். நாடகம் தொடங்கினால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். நல்ல வானொலி நாடகத்துக்கு முழுக் காதையும் கொடுக்க வேண்டும்.

டிரான்சிஸ்டர் இல்லையென்றாலும் சரி, நியூஸ் ஆன் ஏர் செயலியில் ஆகாசவாணி நிலையங்களைக் கேட்கலாம். 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) ஒலிபரப்பு என்றால் மணிக்குச் சுமார் 29 எம்பி டேட்டாதான் செலவாகும்.