பாலியேட்டிவ் நர்ஸ விருதுக்குப் பரிந்துரைக்கப் போறீங்களா? இப்படி எழுதுங்க

தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021ல ஆரம்பிச்சதுல இருந்து வீட்டுக்கே வந்து, தீராத நோயில இருக்கிறவங்களோட வலியையும் அவதியையும் குறைக்கிற பாலியேட்டிவ் நர்ஸுங்கள பல குடும்பத்துக்குத் தெரியும், ஆனா மாவட்ட அளவுல விருதுன்னு வந்தா அவங்க பேரு யாருக்கும் ஞாபகம் வர்றதில்ல, அதனால நீங்க எழுதிக் கொடுங்க. முதல்ல அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. "தன்னலமற்ற சேவை"ன்னு ஆரம்பிக்காதீங்க, கண்ணால பார்த்தத எழுதுங்க. புண்ணு நாத்தம் தாங்காம வீட்டாளுங்களே தள்ளி நின்னப்ப நர்ஸு நோயாளி பக்கத்துல உக்காந்து உப்புத்தண்ணியில கழுவி மெட்ரோனிடசோல் மாத்திரைய பொடிச்சுத் தூவுனாங்க, நாத்தம் அடங்கி பேரப்புள்ள மறுபடியும் தாத்தா கட்டில்ல ஏறி உக்காந்துச்சு, இந்த மாதிரி ஒண்ணு போதும். நோயாளி பேரு, போட்டோ வேணவே வேணாம். குடும்பம் மனசார சம்மதிச்சா ஒரு லெட்டர் வாங்கி சேர்த்துடுங்க. கூடவே டாக்டர்கிட்டயும் ஒண்ணு.