கர்ப்பப்பை புற்றுநோயோ என்று சந்தேகமா? சதைப் பரிசோதனை வரை விடாமல் போங்கள்

மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ரத்தம் பட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒரு சொட்டுதான், ஒரே ஒரு தடவைதான், வலியே இல்லை, வெள்ளைப்படுவது லேசாகக் காவி நிறத்தில் இருந்தது, எதுவானாலும் சரி. "உடம்பு சூடு", "தண்ணிக்குடம் தூக்கினேன், அதான்" என்ற விளக்கங்களை ஓரமாக வையுங்கள். இப்படி வருபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும், மற்றவர்களுக்கு உள்சவ்வு மெலிந்து போனது, பாலிப் (உள்ளே வளரும் சின்ன சதை) என்று பயப்பட வேண்டாத காரணங்கள்தான். ஆனால் திருப்பிக் கேட்டால் கணக்கு வேறு: மாதவிலக்கு நின்றபின் கர்ப்பப்பை உள்சவ்வில் புற்றுநோய் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ரத்தம் பட்டிருக்கும். ஆரம்பத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கிற நோய் இது, அந்த வாய்ப்பைத் தவறவிடக் கூடாது.

இன்னும் மாதவிலக்கு நிற்காதவர்களுக்குக் கொஞ்சம் குழப்பம். 40 வயதைத் தாண்டியபின் தீட்டு பத்து நாள், பதினைந்து நாள் என்று இழுத்தாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, இடையில் பட்டாலோ "நிக்கப்போற நேரம், அப்படித்தான் இருக்கும்" என்று எல்லோரும் சொல்வார்கள். பல சமயம் அது உண்மையும்கூட. பரிசோதித்துவிட்டு டாக்டர் அதைச் சொல்லட்டும், பக்கத்து வீட்டு அக்கா சொல்ல வேண்டாம். உடல் பருமன், சர்க்கரை, பல வருடமாக பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி), குழந்தை பெறாதவர்கள், மார்பகப் புற்றுநோய்க்கு டாமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுபவர்கள், குடும்பத்தில் பெருங்குடல் அல்லது கர்ப்பப்பை புற்றுநோய் இருந்தவர்கள், இவர்களெல்லாம் 40 வயதுக்குக் கீழே இருந்தாலும் அலட்சியம் வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது எந்தத் தேதியில் பட்டது, எத்தனை நாப்கின் மாற்றினீர்கள், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை மட்டும் சொல்ல மறக்கவே கூடாது. ரத்தம் நிற்கட்டும், பிறகு போகலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை. அம்மாவைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால், மகன் முன்னால் இதையெல்லாம் அவர் சொல்ல மாட்டார், மகளோ மருமகளோ உள்ளே போவது நல்லது.

முதலில் கர்ப்பப்பை வாயைக் கருவி வைத்துப் பார்ப்பார்கள், ஏனென்றால் ரத்தம் அங்கிருந்தும் வரலாம். இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். பாப் ஸ்மியர் என்பது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான சோதனை. அது நார்மல் என்று வந்தால் கர்ப்பப்பையின் உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தமாகாது. "போன வருஷம்தான் கேம்ப்பில் டெஸ்ட் எடுத்தேன், ஒண்ணும் இல்லைன்னாங்க" என்பவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். சிஏ 125 ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான், அதை வைத்து இந்த நோய் உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது.

அடுத்தது ஸ்கேன். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன்தான் தெளிவாகக் காட்டும், அதற்குச் சிறுநீர் கழித்துவிட்டுப் போனால் போதும், வயிற்றின் மேல் எடுப்பது போலத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு உட்கார வேண்டாம். கல்யாணமாகாதவர்களுக்கு அல்லது அந்த வழி சிரமமானவர்களுக்கு வயிற்றின் மேலேயோ ஆசனவாய் வழியாகவோ எடுப்பார்கள், கூச்சப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட்டில் உள்சவ்வின் தடிமன் மில்லிமீட்டரில் இருக்கும். மாதவிலக்கு நின்றவருக்கு அது 4 அல்லது அதற்குக் கீழே இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு மேல் இருந்தால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். மாதவிலக்கு நிற்காதவர்களுக்கு இந்த 4 மில்லிமீட்டர் கணக்கு பொருந்தாது, அவர்களுக்கு மாதத்தின் நாளைப் பொறுத்து சவ்வு தடிப்பதும் மெலிவதும் இயல்பு. அப்புறம் ஒன்று: சவ்வு மெலிதாக இருந்தும் ரத்தம் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் ஸ்கேனோடு நிறுத்தக் கூடாது. சில தீவிர வகைகள் சவ்வு தடிக்காமலேயே வரும்.

சதைப் பரிசோதனை, அதாவது பயாப்ஸிதான் முடிவு சொல்லும். மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் கர்ப்பப்பை வாய் வழியாக உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பார்கள், சில நிமிட வேலை, மயக்க ஊசி தேவையில்லை. வலிக்காது என்று சொல்ல மாட்டேன், பலருக்கு மாதவிலக்கு வலியைவிடக் கடுமையாக இழுத்துப் பிடிக்கும், சிலருக்குத் தாங்க முடியாமலும் போகும். முன்கூட்டியே வலி மாத்திரை போடலாமா, மரத்துப்போக மருந்து கொடுப்பீர்களா என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் நிறுத்தச் சொல்லலாம், மயக்கம் கொடுத்து எடுக்கவும் வழி இருக்கிறது. "சதை போதவில்லை" என்று ரிப்போர்ட் வந்தால் அது நார்மல் ரிப்போர்ட் இல்லை. அப்போதும், உள்ளே பாலிப் மாதிரி தெரிந்தாலும், கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டிரோஸ்கோப்பி செய்து சந்தேகமான இடத்திலேயே சதை எடுப்பது நல்லது. டி அண்ட் சி என்பது கர்ப்பப்பையின் உட்புறத்தைக் கண்ணால் பார்க்காமல் சுரண்டுவது, ஏதாவது ஓர் இடம் விட்டுப்போகலாம்.

சின்ன ஆஸ்பத்திரிகளில் எடுத்த சதையை டப்பாவில் போட்டு "லேபில் கொடுத்துடுங்க" என்று நம் கையிலேயே தருவார்கள். டப்பாவில் பெயர், வயது, தேதி எழுதியிருக்கிறதா, சதை கெடாமல் இருக்க ஃபார்மலின் திரவம் ஊற்றியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள், அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். ரத்தத்தை நிறுத்த ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டிருந்தால் அந்த விவரம் லேப் சீட்டில் இருக்க வேண்டும், மைக்ரோஸ்கோப்பில் சதை தெரியும் விதத்தையே அது மாற்றிவிடும்.

நான் அடித்துச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். "வயசாயிடுச்சு, கர்ப்பப்பை இனி எதுக்கு, எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால், பயாப்ஸி ரிசல்ட் எங்கே என்று கேளுங்கள். உள்ளே புற்றுநோய் இருப்பது தெரியாமல் சாதாரண ஆபரேஷன் செய்துவிட்டால், நெறிக்கட்டிகளைப் பார்ப்பது, எவ்வளவு ஆழம் பரவியிருக்கிறது என்று முன்பே எம்ஆர்ஐ எடுப்பது எல்லாம் விட்டுப்போய், இரண்டாம் முறை ஆபரேஷன் மேஜையில் படுக்க வேண்டி வரலாம். உள்ளேயே துண்டு துண்டாக்கி வெளியே எடுக்கிற முறையாக இருந்தால் நோய் வயிற்றுக்குள் சிதறும் ஆபத்தும் உண்டு. ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதா? எடுத்ததை லேபுக்கு அனுப்பினார்களா என்று விசாரித்து அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள்.

ரிப்போர்ட்டில் "ஏட்டிப்பியா இல்லாத ஹைப்பர்பிளேசியா", அதாவது உள்சவ்வு அளவுக்கு மீறி வளர்ந்திருக்கிறது, ஆனால் செல்களின் தோற்றம் மாறவில்லை என்றிருந்தால் பெரும்பாலும் மருந்திலேயே சரியாகும். "ஏட்டிப்பியா உண்டு" என்றால் விஷயம் வேறு, அப்படி வந்து கர்ப்பப்பையை எடுத்தவர்களில் ஒரு பெரிய ஆய்வில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு உள்ளே ஏற்கெனவே புற்றுநோய் இருந்தது. "கார்சினோமா" என்றால் புற்றுநோய். எந்த வகை, எந்த கிரேடு (செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன) என்று கேளுங்கள், எடுத்த சதையிலேயே மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று காட்டும் எம்எம்ஆர், பி53 சோதனைகளும் செய்யச் சொல்லுங்கள். எம்எம்ஆர் மாறியிருந்தால் அது குடும்பத்தில் வரக்கூடியதா என்று பார்க்க வேண்டியிருக்கும், கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது முக்கியம். இனிமேல்தான் குழந்தை பெற நினைக்கும் இளம்பெண் என்றால் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன்பே அதைச் சொல்லுங்கள், ஆரம்ப நிலையில் சிலருக்கு ஹார்மோன் சிகிச்சை முயன்று பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஸ்கேனிலிருந்து பயாப்ஸி வரை எல்லாம் நடக்கும், சென்னைக்காரர்களுக்கு எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை தெரிந்ததுதான். புற்றுநோய் உறுதியானால் அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்கள் உண்டு. வெறும் ரிப்போர்ட்டோடு போகாதீர்கள். முதலில் பார்த்த லேபில் கேட்டு ஸ்லைடுகளையும், சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்குகளையும் வாங்கிக்கொண்டு போங்கள், பெரிய இடங்களில் மறுபடி பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சிகிச்சை தொடங்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

பயாப்ஸி நார்மல் என்று வந்து, சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் பட்டால் பழைய ரிப்போர்ட்டை நம்பி வீட்டில் உட்காராமல், அதையும் எடுத்துக்கொண்டு திரும்பப் போய் ஹிஸ்டிரோஸ்கோப்பி செய்யலாமா என்று கேளுங்கள்.