சுஜாதா பக்கங்களைக் கத்தரித்து வைத்திருக்கிறீர்களா? வீட்டிலேயே தொகுப்பாகத் தைக்கும் முறை

உறையூர் வீட்டைக் காலி செய்தபோது அத்தை என்னிடம் ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்தார். திறந்தால் உள்ளே முழுக்க சுஜாதா. ஜூனியர் விகடனின் 'ஏன்? எதற்கு? எப்படி?' கேள்வி பதில்கள், ஆனந்த விகடனில் வந்த 'என் இனிய இயந்திரா' அத்தியாயங்கள், பிற்காலத்து 'கற்றதும் பெற்றதும்' பக்கங்கள் என்று இருபது வருஷத்துக்கு மேல் ஒருவர் வாராவாரம் கத்தரித்துச் சேர்த்தவை. டிரான்சிஸ்டர், லேசர், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நான் முதலில் தெரிந்துகொண்டது இந்தப் பக்கங்களில்தான். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் எஞ்சினியராக இருந்துகொண்டே அவர் எழுதியதை, கோடை விடுமுறையில் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்துத்தான் நானும் அந்தப் படிப்பின் பக்கம் போனேன்.

இதெல்லாம் புத்தகமாகக் கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைக்கிறது, என்னிடமும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான புத்தகப் பதிப்புகளில் பத்திரிகையில் வந்த படங்கள் இல்லை. சுஜாதாவின் துப்பறியும் கதைகளில் வரும் கணேஷையும் வசந்தையும் ஓவியர் ஜெயராஜின் படங்கள் இல்லாமல் நினைக்கவே முடியவில்லை. அதைவிட முக்கியம், அத்தையின் பென்சில் குறிப்புகள். ஒரு பக்கத்தின் ஓரத்தில் 'சில்லு = சிப்' என்று எழுதி, கீழே இரட்டைக் கோடு போட்டிருக்கிறார். அந்தச் சொல்லை அவர் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட நாள் அது. எந்தப் பதிப்பகத்திலும் இது கிடைக்காது.

மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து நான்கு தொகுப்புகள் தைத்து முடித்தேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். வேறு எந்த எழுத்தாளரின் தொடருக்கும் இதே வழி பொருந்தும்.

தேவையானவை

குத்தூசி, கனமான தையல் ஊசி, பருத்தி நூல், மைதா, 2 மி.மீ. அட்டை, காலிகோ துணி (அட்டை மேல் ஒட்டும் பைண்டிங் துணி), மெல்லிய வெள்ளைத் தாள், மென்மையான பிரஷ், ஸ்டீல் ஸ்கேல். நூல் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். நைலான் வேண்டாம், அது நாளடைவில் தாளை அறுத்துவிடும். ஃபெவிக்காலும் பக்கங்களுக்கு வேண்டாம், காய்ந்தால் திரும்பப் பிரிக்க முடியாது. மைதா பசை தண்ணீர் பட்டால் விட்டுவிடும். நாளைக்கு இன்னொருவர் பிரித்துச் சரிசெய்ய வழி இருக்க வேண்டும்.

1. பின், கிளிப், செல்லோடேப் நீக்குதல்

துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை ரிமூவரால் இழுக்காதீர்கள். பின்பக்கம் மடங்கிய இரண்டு கால்களையும் மெல்லிய கத்தி முனையால் நிமிர்த்தி, பிறகு முன்பக்கமிருந்து தூக்கினால் தாள் கிழியாது.

பழைய செல்லோடேப்புக்கு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டி, பசை இளகியதும் ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். மஞ்சள் கறை போகாது, விட்டுவிடுங்கள். பெட்ரோல் தொட்டுத் துடைக்கலாம் என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. தீப்பற்றும், அச்சு மையும் கலைந்து போகும். தொடவே வேண்டாம்.

ராமபாணப் பூச்சி அரித்த அடையாளம் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். பக்கங்களைக் காற்றுப் புகாத பையில் போட்டு, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் ஈரம் கோக்காது.

2. தேதி கண்டுபிடித்து அடுக்குதல்

பக்கத்தின் அடியில் தேதி அச்சாகியிருந்தால் வேலை சுலபம். கத்தரிக்கும்போது அதுவும் போயிருந்தால் தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்தில் தீபாவளித் துணி விளம்பரம், கிரிக்கெட் ஸ்கோர், தேர்தல் செய்தி என்று ஏதாவது இருக்கும். எனக்கு இருபதுக்கும் மேற்பட்ட பக்கங்களின் மாதம் இப்படித்தான் தெரிந்தது. மீதிக்கு ஒரு நாள் ஒதுக்கி, சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போய்வாருங்கள். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களும் பத்திரிகைகளும்தான் அதன் தொடக்கம். 1994 முதல் நூலகமாக இயங்குகிறது. என்ன பத்திரிகை, எந்த வருஷங்கள் தேவை என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது.

கண்டுபிடித்த தேதியை ஓரத்தில் எழுதுங்கள், ஆனால் பென்சிலால் மட்டும். பேனா மை செய்தித்தாள் வகைத் தாளில் பரவி மறுபக்கத்துக்கும் ஊறும்.

3. ஓரம் (இந்த ஒரு படியை நிதானமாகப் படியுங்கள்)

என் முதல் தொகுப்பு போனது இங்கேதான்.

முதலில் நான் வீட்டில் தைக்க நினைக்கவில்லை. 'ஏன்? எதற்கு? எப்படி?' பக்கங்களில் அறுபதை வரிசையாக அடுக்கி ஒரு பைண்டிங் கடையில் கொடுத்தேன். ஒரே வாரத்தில் சிவப்பு காலிகோ போட்டு, தங்க எழுத்து பதித்து, பார்க்க அழகாகத் திரும்பி வந்தது. விரித்தேன். ஒவ்வொரு வரியின் முதல் இரண்டு எழுத்துகள் முதுகுத் தையலுக்குள் போயிருந்தன. பக்கங்கள் சமமாக இருக்க வேண்டும் என்று கட்டிங் மெஷினில் மற்ற மூன்று பக்கமும் வெட்டியிருந்தார்கள். மேல் ஓரத்தில் அத்தை எழுதியிருந்த தேதிகளும், பக்கவாட்டில் இருந்த குறிப்புகளும் அந்த வெட்டில் போய்விட்டன. குப்பைத் துண்டுகளையாவது வாங்கிக்கொள்ளலாம் என்று மறுபடி ஓடினேன், அதற்குள் எடைக்குப் போட்டுவிட்டார்கள். அன்று இரவு அத்தைக்கு ஃபோன் செய்து சொல்லும்போது எனக்குக் குரலே எழவில்லை.

கத்தரித்த பக்கத்தை நேரடியாகத் தைக்கவே கூடாது. ஒவ்வொரு பக்கத்தின் உள் ஓரத்திலும் ஒரு தாள் பட்டை ஒட்டி, தையலைப் பட்டையில் போட வேண்டும். அப்போது பக்கம் முழுசாக வெளியே நிற்கும், ஓர் எழுத்துகூட உள்ளே போகாது. அளவு வித்தியாசமாக இருந்தாலும் வெட்ட வேண்டியதில்லை. சின்னது சின்னதாகவே இருக்கட்டும்.

பட்டை 3 செ.மீ. அகலம், பக்கத்தின் உயரம். வெட்டும் முன் தாளின் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். ஒரு துண்டைக் கிழித்தால், நார் ஓடும் திசையில் நேர்கோடாகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும். நேராகக் கிழியும் திசை புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். மாறினால் பக்கம் புரட்டும்போது விறைத்துக்கொண்டு நிற்கும்.

பசைக்கு ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டுங்கள். வெண்மை போய்க் கண்ணாடி போல ஆனதும் இறக்கி, ஆறிய பிறகு வடிகட்டுங்கள். இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். பைண்டர்கள் பூச்சி வராமல் இருக்க மயில் துத்தம் சேர்ப்பார்கள். வீட்டில் அது வேண்டாம். விஷம், தவிர தாமிரச் சத்து தாளையும் நாளடைவில் கெடுக்கும்.

பசையைப் பட்டையில் மட்டும் தடவுங்கள், பக்கத்தில் தடவாதீர்கள். பழைய தாள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு சுருங்கும். பட்டையின் ஓரத்தில் 5 மி.மீ. அளவுக்குக் கெட்டியான பசையில் மெல்லிசாக ஒரு கோடு போதும். பக்கத்தின் உள் ஓரத்தை அதன் மேல் வைத்து, நகத்தால் ஒரு தடவை நீவி, மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு விடுங்கள்.

சிலர் எழுத்தை ஒட்டியே கத்தரித்திருப்பார்கள், உள் ஓரமே இருக்காது. அந்த இடத்தில் வெள்ளைத் தாளுக்குப் பதில் ஓவியக் கடைகளில் கிடைக்கும் ஜப்பானிய டிஷ்யூவில் பட்டை செய்யுங்கள். எழுத்தின் மேல் ஒட்டினாலும் அடியில் இருப்பதைப் படிக்க முடியும்.

*சேர்க்கை:* ஐம்பது பக்கம் அடுக்கியதும் ஒட்டிய இடம் மட்டும் திண்டு போல உப்புகிறது என்று இதைப் படித்த இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எனக்கும் இரண்டாவது தொகுப்பில் அப்படி வந்தது. எல்லாப் பட்டையும் ஒரே அகலமாக இருப்பதால் ஒட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுகின்றன. 3 செ.மீ., 3.5 செ.மீ., 4 செ.மீ. என்று மாற்றி மாற்றி வெட்டினால் ஒட்டுகள் விலகி, மேடு பரவிவிடும். ஒரு தொகுப்பில் ஐம்பது பக்கத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

4. ஸ்கேன்

தைத்த பிறகு ஸ்கேன் செய்வது கஷ்டம், அதனால் இப்போதே முடித்துவிடுங்கள். ஃபோன் கேமராவைவிடத் தட்டை ஸ்கேனர்தான் எனக்குப் பிடிக்கும், வளைவும் நிழலும் வராது. எழுத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), படங்களுக்கு 600.

மெல்லிய தாளாக இருப்பதால் பின்பக்க எழுத்து பேய் மாதிரித் தெரியும். பக்கத்தின் முதுகில் ஒரு கறுப்புத் தாளை வைத்து ஸ்கேன் செய்யுங்கள். மங்கல் பெருமளவு குறையும். இந்த ஒரு கறுப்புத் தாள் எனக்கு எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தியது.

கோப்புப் பெயரை வருஷம்-மாதம்-தேதி என்று தொடங்குங்கள், தானாக வரிசையில் நிற்கும்.

எழுத்தாக மாற்ற வேண்டுமென்றால் கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி, டாக்ஸில் திறந்தாலே தமிழ் வந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் டெசராக்ட் என்ற மென்பொருளும் தமிழ் படிக்கும். எதுவானாலும் பழைய பக்கங்களில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாடு அரசின் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-இல். சில பத்திரிகைகள் அதன் பிறகும் கொஞ்ச காலம் பழைய வடிவத்திலேயே அச்சிட்டன. மேலே தும்பிக்கை வளைந்த பழைய 'லை', 'னை', 'ணை' எழுத்துகளை மென்பொருள் வேறு ஏதோவாக வாசிக்கும். எந்த எழுத்து எதுவாக மாறுகிறது என்று இரண்டு பக்கத்தில் கவனித்துக் குறித்துக்கொண்டால், மீதியைத் தேடி மாற்றுவது சுலபம்.

ஸ்கேன் செய்ததை இணையத்தில் ஏற்றாதீர்கள். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த பிறகு 60 வருஷம் காப்புரிமை உண்டு. சுஜாதா மறைந்தது 2008 பிப்ரவரி 27. 2068 முடியும் வரை அந்த உரிமை அவருடைய குடும்பத்துக்கும் பதிப்பாளர்களுக்கும் உரியது. அவருடைய எழுத்தால் வளர்ந்த நாம் அதை மதிக்க வேண்டும்.

5. தையல், அட்டை

பட்டைகளின் வெளி ஓரத்தைத் தட்டிச் சமன் செய்து, கிளிப் போட்டு இறுக்குங்கள். ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே ஐந்து துளைகள். நடுத் துளையில் தொடங்கி, உள்ளே வெளியே என்று மேல் துளை வரை போய், அதே வழியில் விட்ட இடங்களை நிரப்பிக்கொண்டு நடுவுக்கு வந்து, கீழ்ப்பாதியையும் அப்படியே செய்து, நடுவில் முடிச்சு. முன்னும் பின்னும் வெற்றுத் தாள் இரண்டிரண்டு சேர்த்தே தையுங்கள், மறந்தால் அட்டையை ஒட்ட இடமிருக்காது. அட்டைக்குக் காலிகோ ஒட்டுவது பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடுவது மாதிரிதான். இங்கே மட்டும் ஃபெவிக்கால் போடலாம்.

6. வைக்கும் இடம்

வெளிச்சம் படாத அலமாரி, வெளிச் சுவரை ஒட்டாமல் இருக்க வேண்டும். இந்தத் தாளில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள்தான் வெளிச்சத்தில் பழுப்பாகிறது. லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு ஒன்றிப் போய்விடும், திரும்ப வழியே இல்லை. தைக்க நேரமில்லையென்றால் பாலிபுரொப்பிலீன் உறை போட்ட ஃபைலில் வையுங்கள். வழவழப்பாக இருந்து வாசனை அடிக்கும் பிவிசி உறை, எழுத்தை உரித்து எடுத்துவிடும்.

*சேர்க்கை:* 2015 சென்னை வெள்ளத்தில் நனைந்து ஒட்டிப்போன கட்டு ஒன்றை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். காய்ந்த கட்டில் சாதாரணத் தாள் பக்கங்களை, மெல்லிய ஸ்கேலை உள்ளே விட்டுப் பொறுமையாகப் பிரித்துவிடலாம். வழவழப்பான வண்ணப் பக்கங்கள் ஒட்டிக் காய்ந்திருந்தால் பிரியாது, இழுத்தால் இரண்டும் போகும். அடுத்த முறை நனைந்தால் வெயிலில் வைக்காமல், அப்படியே பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஈரம் இருக்கும்போதே பிரித்து, நிழலில் காய வைக்கலாம்.

முதல் வெற்றுத் தாளைப் பொருளடக்கத்துக்கு விட்டு வையுங்கள். நான்காவது தொகுப்பை அத்தையிடம் எடுத்துப் போனபோது, பொருளடக்கத்தைத் தானே எழுதுவதாகச் சொல்லிப் பென்சில் கேட்டார். எழுதி முடித்துவிட்டு, பைண்டிங் கடையில் வெட்டுப்பட்ட தேதிகளில் நினைவில் இருந்த பதினொன்றை அதற்குக் கீழேயே வரிசையாகக் குறித்துக் கொடுத்தார்.